ஒரு கூடைக்கு எத்தனை கிலோ?

வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட முதல் சில ஆண்டுகள் கப்பல் சரக்கு வழக்குகளிலேயே கழிந்தன. நனைந்த மூட்டைகள், தாமதமாக வந்த கப்பல், காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் என்று போய்க்கொண்டிருந்த அந்த வேலையில், கடல் என்பது சரக்கு கடந்து வர வேண்டிய ஒரு தூரம், அவ்வளவே. மூத்த வழக்கறிஞர் ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றதால் என் மேசைக்கு வந்து சேர்ந்த எண்ணெய்க் கசிவு வழக்குதான் என்னைச் சுற்றுச்சூழல், மனித உரிமை வழக்குகளின் பக்கம் திருப்பியது. கொள்கைப் பிடிப்பால் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்; ஆனால் நடந்தது அதுவன்று.

அந்த வழக்கின் பெரும்பகுதியை ஓர் ஐஸ் பெட்டியால் இழந்தோம். டேங்கர் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் படிந்த கழிமுகச் சேற்றை, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். கச்சா எண்ணெயில் உள்ள ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற சேர்மங்கள் எளிதில் சிதையாதவை. அவற்றின் விகிதம் எண்ணெய்க்கு எண்ணெய் மாறுபடுவதால், சேற்றில் கிடப்பதும் கப்பலின் தொட்டியில் இருந்ததும் ஒன்றுதானா என்று கைரேகையை ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஆய்வறிக்கை எங்களுக்குச் சாதகமாகவே வந்திருந்தது. குறுக்கு விசாரணைக்கு எழுந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் கையெழுத்தான பெட்டி, மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆய்வகத்தில் கையெழுத்தாகும் வரை யாருடைய பொறுப்பில் இருந்தது என்று மட்டும் கேட்டார். அது வண்டி ஓட்டுநரின் வீட்டில் இருந்தது. படிவத்தில் அந்த இரவுக்கான வரி வெறுமையாகக் கிடந்தது; இடையில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அதை நிரப்பியிருக்க வேண்டியவன் நான்.

சட்டமும் எங்களுக்கு முழுத் துணையாக இருந்ததில்லை. 1967-இல் டோரி கேன்யன் என்ற டேங்கர் பாறையில் மோதி உடைந்த பிறகுதான், கப்பல் எண்ணெய் மாசுக்கான பொறுப்பு பற்றிய 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கை பிறந்தது. இன்று பெரும்பாலான நாடுகள் பின்பற்றுவது அதன் 1992-ஆம் ஆண்டு வடிவம். கப்பல் உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அதன் பெரிய வசதி. ஆனால், சுற்றுச்சூழலுக்கு ஏற்பட்ட கேட்டைப் பொறுத்தவரை, அதனால் இழந்த வருமானத்துக்கும், நிலைமையைச் சீர்செய்ய நியாயமாக ஆகும் செலவுக்கும் மட்டுமே அது இழப்பீடு தருகிறது. செத்துக் கிடக்கும் சேற்றுக்கென்று தனியாக ஒரு தொகை கிடையாது. அந்தச் சேற்றை நம்பி வாழ்ந்தவர் ஒருவர் முன்வந்து, தமக்கு இவ்வளவு நட்டம் என்று கணக்குக் காட்டினால்தான் சேற்றைப் பற்றிய பேச்சே எழும். முதன்முறை இந்தப் பிரிவைப் படித்தபோது வரைவுப் பிழை என்றே நினைத்தேன்.

கணக்குக் காட்டுவது எப்படி என்பதைக் கற்றுத்தந்தவர், வேறொரு கசிவு வழக்கில் எனக்குச் சாட்சியாக வந்த மூதாட்டி ஒருவர். மட்டி பொறுக்கிப் பிழைத்தவர். பிரமாணப் பத்திரம் தயாரிக்க அமர்ந்தபோது, மாத வருமானம், விற்பனை ரசீது, வங்கிக் கணக்கு என்று நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக, அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கணக்கு எழுதிக்கிட்டு உட்கார்ந்தா மட்டியை யாரு பொறுக்குறது தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் இருந்த ஒரே ஆவணம், விளிம்பு தேய்ந்து ஒரு பக்கம் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்ட கூடை.

அந்தக் கூடையையே சான்றாக்கினோம். எண்ணெய் படாத பக்கத்துத் துறையிலிருந்து மட்டி வாங்கி, அவர் வழக்கமாக நிரப்பும் அளவுக்கு அவரையே நிரப்பச் சொல்லி, பத்துமுறை எடை போட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைக் கையெழுத்திட வைத்தேன் (ஐஸ் பெட்டியை நான் மறக்கவில்லை). ஆண்டில் எத்தனை நாள் சேற்றில் இறங்கினார் என்பதற்கு, துறைமுகத்தின் ஓத அட்டவணை கைகொடுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக வற்றும்போதுதான் மட்டி கிடைக்கும் மேடு வெளியே தெரியும். எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அது வெளிப்பட்டிருக்கும் என்பதை அட்டவணையிலிருந்து எடுத்து, அவர் நினைவிலிருந்து சொன்ன நாள்களோடு பொருத்திப் பார்த்தோம். பெரும்பாலும் பொருந்தியது. வாழ்நாளெல்லாம் நிலவைப் பார்த்து வேலைக்குப் போனவருடைய நினைவு, எந்தப் பேரேட்டுக்கும் குறைந்ததாக இல்லை. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார்.

மனித உரிமை வழக்குகளுக்கு நான் வந்தது இந்த வழியாகத்தான். கடலில் மனிதருக்கு நேர்வதைக் கடல் சட்டம் என்றும், கரையில் நேர்வதை மனித உரிமை என்றும் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்த எனக்கு, ஹிர்சி ஜமா வழக்கின் தீர்ப்பு ஒரு பாடமாக அமைந்தது. 2009 மே மாதம் இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குத் தெற்கே திறந்த கடலில் சுமார் 200 பேரை இத்தாலியக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு, அவர்கள் யார், எதற்கு அஞ்சி வந்தார்கள் என்று விசாரிக்காமலே லிபியாவின் திரிப்போலியில் இறக்கிவிட்டன. அவர்களில் சோமாலியா, எரித்திரியாவைச் சேர்ந்த 24 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். கப்பலில் ஏற்றிய கணத்திலிருந்து அவர்கள் இத்தாலியின் அதிகாரத்துக்குள் இருந்தார்கள் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. திறந்த கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அங்கே யாருக்கும் பொறுப்பில்லை என்ற வாதத்தைப் பின்னர் நான் சந்தித்த ஒவ்வொரு முறையும் இந்தத் தீர்ப்பின் பத்திகளைத்தான் முதலில் புரட்டினேன்.

2022 ஜூலையில், தூய்மையான, நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமையை ஐ.நா. பொதுச்சபை 161 வாக்குகளுடன் அங்கீகரித்தபோது, நண்பர்கள் பலர் கொண்டாடினார்கள். என்னால் அந்த அளவுக்கு மகிழ முடியவில்லை. நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத தீர்மானம் ஒன்றை மனுவின் தொடக்கத்தில் அழகாக எடுத்துக்காட்டலாம், வாதம் சூடுபிடிக்கும்போது, "இதில் என்னைக் கட்டுப்படுத்துவது எது?" என்றுதான் நீதிபதி கேட்பார்.

என்னை உண்மையாகவே எழுந்து நிற்க வைத்தது, கடல் சட்டத்திற்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்து. அதுவும் கட்டுப்படுத்தாததுதான், ஆனால் அது விளக்கியது, ஏற்கெனவே நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையை. சிறு தீவு நாடுகளின் ஆணையம் ஒன்று கேட்ட கேள்விக்கு விடையாக, மனிதச் செயல்களால் வளிமண்டலத்தில் சேரும் பசுமைக்குடில் வாயுக்களும் கடல் மாசே என்று தீர்ப்பாயம் ஒருமனதாகச் சொன்னது. 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, மாசு என்பதைக் கடலுக்குள் 'பொருள்களையோ ஆற்றலையோ' புகுத்துவது என்று வரையறுக்கிறது. அந்த வரியை மனுக்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். 'ஆற்றல்' என்ற சொல்லை ஏதோ மின்நிலையத்தின் வெந்நீர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த வாயுக்களால் கடலில் சேரும் வெப்பமும் ஆற்றல்தானே என்று அந்தச் சொல்லில் நின்று வாதாடியவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

கூடை வழக்கு மேல்முறையீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த மூதாட்டி சென்ற ஆண்டு காலமானார். வாரிசாக அவருடைய மகளைச் சேர்க்கக் கோரும் மனுவை இந்த வாரம் தாக்கல் செய்ய வேண்டும். மகள் சேற்றில் இறங்கியதே இல்லை. இறங்கக் கற்கும் வயதில் அவருக்குச் சேறு கிடைக்கவில்லை. எனவே, இழப்பைத் தாயின் இறப்புத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று எதிர்த்தரப்பு எழுதியிருக்கிறது. அதற்கான பதிலின் முதல் பத்தியை மூன்று முறை அடித்துவிட்டு, இப்போது நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.