வைரல் லோடு குறைந்தாலும் கருப்பைவாயைப் பார்க்கணும்

"மாத்திரை ஒரு நாளும் விட்டதில்லை. வைரல் லோடு டெஸ்டில், அதாவது ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைப் பார்க்கும் சோதனையில், ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் எதற்குக் கருப்பைவாய்ப் புற்றுக்கான பரிசோதனை?" எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. எனும் கூட்டு மருந்து எடுக்கும் பெண்கள் கேட்கும் நியாயமான கேள்வி. அந்த மாத்திரை அடக்குவது எச்.ஐ.வி.யை. கருப்பைவாயைக் கெடுப்பதோ எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ். பெரும்பாலான பெண்களுக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். எச்.ஐ.வி. இருந்தால், அதுவும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையான சிடி4 ஒருகாலத்தில் ரொம்பவே இறங்கியிருந்தால், போகாமல் தங்கிவிடுவது அதிகம். அப்படித் தங்கித்தான் செல்களை மாற்றுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. சீக்கிரமே மாத்திரை தொடங்கியவர்களுக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் போவதில்லை.

புற்றாவதற்கு முந்தைய இந்தச் செல் மாற்றம் வலிக்காது, ரத்தம் காட்டாது. தேடினால்தான் கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது: மற்றவர்களுக்கு 30 வயதில் தொடக்கம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. மாதிரியை நாமே பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொள்ளலாம். பாசிட்டிவ் என்றால் புற்று என்று பொருளில்லை. இவர்களில் பலருக்குப் பாசிட்டிவ்தான் வரும். அதனால்தான் உடனே சிகிச்சைக்குப் போகாமல் இரண்டாவதாக இன்னொரு சோதனை. அதிலும் ஒன்றும் இல்லையென்றால் 12 மாதத்தில் மறுபடி எச்.பி.வி. சோதனை.

பல இடங்களில் அந்த இரண்டாவது சோதனை வினிகர் வகைதான். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, முழுசாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். லேசாக எரியும், அவ்வளவுதான். மாறிய செல்களில் புரதம் அதிகம், அது உறைந்து வெள்ளையாகத் தெரியும். அவசரப்பட்டு அரை நிமிடத்தில் பார்த்தால் கோட்டைவிடுவோம். கிருமித்தொற்றால் வரும் அழற்சியும் வெளுத்து ஏமாற்றும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய எல்லைக்கோடே, அதாவது கருப்பைவாயின் இருவகைச் செல்கள் சந்திக்கும் இடமே, உள்ளே ஏறிவிடுவதால் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

வெள்ளைப் பகுதியின் ஓரம் முழுசாகத் தெரிந்து, கருப்பைவாயின் உட்பாதைக்குள் ஏறாமல், புற்றுச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால் மாறிய செல்களைச் சுட்டழிக்கச் சூடுவைக்கும் கருவி போதும்: சுமார் 100 டிகிரி, ஒவ்வொரு இடத்திலும் 20-30 வினாடி. இதில் எது பொருந்தாவிட்டாலும் சூடுவைக்கக் கூடாது. உள்ளே மறைந்திருப்பது அப்படியே தங்கிவிடும். மின்சாரம் பாயும் கம்பிவளையத்தால் வெட்டி எடுப்பதே சரி. புற்றுச் சந்தேகம் என்றால் மட்டும் முதலில் பயாப்சி, அதாவது சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது. இரண்டிலுமே சில வாரம் தண்ணீர் போல வெள்ளைப்படும். குறைந்தது 4 வாரம் உடலுறவு வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம், புண் ஆறும்வரை எச்.ஐ.வி. கசிய வாய்ப்பு உண்டு.

எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிற மாற்றத்தைக் குணப்படுத்தாது. போடுவதென்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 3 தவணைதான் நல்லது, ஒரே தவணையோடு நிறுத்தக் கூடாது.

பெரும்பாலும் தவறவிடுவது சிகிச்சைக்குப் பிந்தைய சோதனையைத்தான். இவர்களுக்கு மாற்றம் திரும்பி வருவது அதிகம் என்பதால் 12 மாதத்தில் ஒரு எச்.பி.வி. சோதனை, அதில் நெகட்டிவ் வந்தாலும் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று. வளையத்தால் வெட்டியவர்கள் பயாப்சி முடிவைக் கையில் வாங்கி, வெட்டிய விளிம்பில் மாற்றம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால் திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.