டோர்ட்முண்ட்ல ஒரு வேலூர்க்காரனும் 22ம் நம்பர் சட்டையும்

நான் ஜெர்மனில இருக்கிற டோர்ட்முண்ட் ஊருக்கு வந்தது 2020 ஆகஸ்ட்ல. கொரோனா நேரம், வந்த உடனே ரெண்டு வாரம் ரூம்லயே குவாரண்டைன், அப்புறம் கொஞ்சம் திறந்து விட்டாங்க, நவம்பர்ல மறுபடி மூடிட்டாங்க. மெஷின் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில டிசைன் வேலை. நம்ம ஊரப் பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்கு இல்ல, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலைன்னு, இந்த ஊரும் அதே கதைதான், நிலக்கரி ஊர்னு பேரு ஆனா சுரங்கம் எல்லாம் மூடியாச்சு, ஸ்டீல் ஊர்னு பேரு ஆனா உலையும் இல்ல. மிச்சம் இருக்கிறது ஃபுட்பால் ஒண்ணுதான்.

செட்டில் ஆவுறதுன்னா என்னன்னு வந்த அப்புறம்தான் புரிஞ்சுது. மொதல்ல அட்ரஸ் பதிவு பண்ணணும், அது இல்லாம பேங்க்ல இருந்து எதுவும் நகராது, தபால் பெட்டில நம்ம பேரு ஒட்டலைன்னா வர்ற லெட்டர் திரும்பிப் போயிடும். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, சத்தமும் போடக்கூடாது. நான் பாட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மிக்ஸில தேங்கா சட்னி அரைக்க, கீழ் வீட்டு தாத்தா வந்து கதவ தட்டினாரு. திட்டத்தான் வந்தாருன்னு நெனச்சேன், திட்டவும் செஞ்சாரு, ஆனா வாசனை புடிச்சிருந்துச்சு போல, அப்படியே நின்னு பேச ஆரம்பிச்சிட்டாரு. சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவரு, பல வருஷமா சீசன் டிக்கெட் வச்சிருக்காரு. எனக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தது கோர்ஸ்ல பாதி, அவரு பாதி.

அதுக்கு முன்னாடி எனக்கும் ஃபுட்பாலுக்கும் பெரிய ஒட்டு உறவு கிடையாது. வேலூர்ல உலகக்கோப்பை நடந்தா அத முழுசா கொண்டாடுறது சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல தங்கி இருக்கிற பெங்காலிக்காரங்கதான், உடம்பு சரியில்லாத ஆள ரூம்ல படுக்க வச்சிட்டு ராத்திரி ரிசப்ஷன் டிவி முன்னாடி கூட்டமா உக்காந்து பிரேசில் அர்ஜென்டினான்னு சண்டை போடுவாங்க. நாங்க கிரிக்கெட் பசங்க, வெளிய நின்னு எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவோம்.

நான் வந்த அதே கோடைல இந்த ஊருக்கு இன்னொரு புது ஆளும் வந்தான், ஜூட் பெல்லிங்ஹாம்னு 17 வயசுப் பையன். பொறந்தது 2003 ஜூன், இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல ஸ்டவர்பிரிட்ஜ். 16 வயசு ஆகி கொஞ்ச நாள்லயே பர்மிங்ஹாம் சிட்டி கிளப்போட பெரிய டீம்ல இறங்கிட்டான், அந்த கிளப்புக்கு ஆடினதுலயே ரொம்ப சின்ன வயசு அவன்தான். ஒரே ஒரு சீசன்தான் ஆடினான், அவன் கிளம்பினதும் அவன் போட்ட 22ம் நம்பர் சட்டைய இனி யாருக்கும் தரமாட்டோம்னு கிளப் சொல்லிடுச்சு, 17 வயசுப் பையனுக்கு இது ஓவர்னு நிறைய பேரு சிரிச்சாங்க. அந்த 22க்கு ஒரு கணக்கு இருக்கு. மிட்ஃபீல்டுல, அதாவது மைதானத்து நடுவுல, கோல் பக்கம் காவல் காக்கிறவன் 4ம் நம்பர், மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இருக்கிறவன் 8, முன்னாடி நின்னு பாஸ் கொடுத்து கோல் போட வைக்கிறவன் 10. உன்னால மூணு வேலையும் முடியும், கூட்டிப் பாருன்னு அவன்கிட்ட சொன்னாங்களாம்.

டோர்ட்முண்டுக்கு அவன் மொத மேட்ச் 2020 செப்டம்பர் 14, கப் போட்டி, டூயிஸ்பர்க் ஊர்ல, மொத மேட்ச்லயே ஒரு கோல். ஆனா அந்த சீசன் முழுக்க ஸ்டேடியம் கிட்டத்தட்ட காலிதான். 81,000 பேர் கொள்ற இடம் அது, தெற்கு ஸ்டாண்ட்ல மட்டும் கிட்டத்தட்ட 25,000 பேரு நின்னுக்கிட்டே பாப்பாங்க, அதான் மஞ்சள் சுவர்னு பேரு. அவன் பேர கத்துறதுக்கு ஆள் இல்லாமலே ஆடினான், நானும் ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்க மூஞ்சிய லேப்டாப்ல மட்டும் பாத்துட்டு இருந்தேன்.

2022ல கூட்டத்த முழுசா விட ஆரம்பிச்சதும் தாத்தா அவர் மருமகன் டிக்கெட்ல என்ன கூட்டிட்டுப் போனாரு. பந்தப் பாக்காத, பத்து நிமிஷம் அவன மட்டும் பாருன்னாரு. பாத்தேன். பந்து இவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே தலை ரெண்டு மூணு தடவை பின்னாடி திரும்பும், இடது தோள் பக்கம், வலது தோள் பக்கம், யாரு எங்க நிக்கிறான்னு. பந்து கால்ல படுறப்போ எங்க திரும்பணும்னு முடிவு பண்ணி முடிச்சாச்சு. டிவில இது தெரியவே தெரியாது, கேமரா பந்து பின்னாடியே ஓடுது. மிட்ஃபீல்டரோட வேலைல பாதி பந்து இல்லாதப்போ நடக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ஆனா என்ன ரொம்ப யோசிக்க வச்சது ஆட்டம் இல்ல, அவங்க வீடு. பையன் இங்க வந்தப்போ அம்மா டெனிஸும் கூடவே வந்து இங்கயே தங்கிட்டாங்க. அப்பா மார்க் இங்கிலாந்துலயே நின்னுட்டாரு, போலீஸ்ல சார்ஜன்ட், சின்ன சின்ன லீக்ல 700 கோலுக்கு மேல போட்டவருன்னு சொல்வாங்க. சின்னவன் ஜோப் அங்க ஆடிட்டு இருந்ததால அவன பாத்துக்க ஆள் வேணும் இல்ல. ஒரு குடும்பம் ரெண்டு நாடா பிரிஞ்சு நின்னுச்சு. நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் இது புதுசா என்ன, அப்பா சவூதில, அம்மாவும் புள்ளைங்களும் ஊர்லன்னு வீட்டுக்கு வீடு உண்டு. ஆனா நம்ம ஊர்ல சம்பாதிக்கப் போறவன் தனியாத்தான் போவான், அவனுக்கு கூட ஒரு ஆள் வேணும்னு யாரும் நெனைக்கிறது இல்ல. 17 வயசுப் பையன் ராத்திரி தோத்துட்டு வந்தா வீட்ல சோறு போட்டுப் பேச ஒரு ஆள் இருந்துச்சு, அவன் கேரியர்ல அது பெரிய பங்குன்னு நான் நெனைக்கிறேன். எனக்கு அந்த மொத குளிர்காலத்துல அப்படி யாரும் இல்ல. ஹம் ஊர்ல இருக்கிற காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ரயில் ஏறிப் போயி, அங்க யாராவது எங்க இருந்து வர்றீங்க தம்பின்னு தமிழ்ல கேட்டாலே போதும்னு இருந்துச்சு.

2023 மே 27 இங்க யாரும் மறக்க மாட்டாங்க. மைன்ஸ் டீம ஜெயிச்சா டோர்ட்முண்ட்தான் ஜெர்மன் லீக் சாம்பியன், ஊரே மஞ்சள் சட்டை. 2-2ல முடிஞ்சுது. அதே நேரம் கொலோன்ல 89வது நிமிஷத்துல கோல் போட்டு பயர்ன் மியூனிக் டீம ஜெயிக்க வச்சு பட்டத்த தூக்கிட்டுப் போனது ஜமால் முசியாலா, பெல்லிங்ஹாமோட இங்கிலாந்து ஜூனியர் டீம்ல ஒண்ணா ஆடின பையன், அதே 2003ல பொறந்தவன். பெல்லிங்ஹாம் முட்டி வலில பெஞ்ச்லயே உக்காந்திருந்தான், இறங்கவே இல்ல. அடுத்த மாசம் 103 மில்லியன் யூரோவுக்கு ஸ்பெயின்ல ரியல் மாட்ரிட் கிளப் அவன வாங்கிடுச்சு. மறு வருஷம் வெம்ப்ளில சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல மாட்ரிட் 2-0ன்னு ஜெயிச்சதே டோர்ட்முண்ட தான். தாத்தா திட்டுவாருன்னு பாத்தேன், பையன் மெலிஞ்சிட்டான்னாரு.

இப்போ அக்கா கதை. சத்துவாச்சாரில இருக்கா, பையன் எட்டாவது, சாயங்காலம் ஆனா நேதாஜி ஸ்டேடியம், மிட்ஃபீல்டுதான் ஆடுறான். போன்ல "இன்னாடா, இவன் பந்தே கதின்னு கீறான், அங்க பசங்க எப்டிடா மேல வர்றாங்க, எம்மா செலவாவும்?"ன்னு கேட்டா. இங்க ஒவ்வொரு ஏரியாக்கும் ஒரு கிளப் இருக்கு, அஞ்சாறு வயசுல சேத்துடுறாங்க, கட்டணம் கம்மி, கோச் பாதி பேரு சும்மா வர்ற அப்பாக்கள்தான், திறமை இருந்தா பெரிய கிளப் அகாடமி பாத்து எடுத்துக்கும். அங்கயும் முக்காவாசி பசங்கள நடுவுலயே அனுப்பிடுவாங்க, அதயும் சொன்னேன். பையனுக்கு அதெல்லாம் காதுல ஏறல, அவன் எனக்கு அனுப்புறது விமல் யோகநாதன் வீடியோதான். இங்கிலாந்துல பார்ன்ஸ்லி கிளப் மிட்ஃபீல்டர், 2006ல பொறந்தவரு, வேல்ஸ்ல வளர்ந்த ஈழத்தமிழர் வீட்டுப் பையன். "மாமா, சட்டைல நம்ம பேருப்பா"ன்னு ஒரே குதி. 2025ல பெல்லிங்ஹாம் தம்பி ஜோபும் டோர்ட்முண்டுக்கே வந்துட்டான், அவனும் மிட்ஃபீல்டு, அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிடுறத அவன் எப்படித் தாங்குறான்னு தெரியல.

ஸ்டேடியம் கோச் இவன சென்னைல ஒரு அகாடமி டிரையல்ஸுக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காரு, அங்க ஹாஸ்டல் கிடையாது. அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, ஆம்பூர்ல ஷூ கம்பெனி சூப்பர்வைசர், அவரு கவர்மென்ட் விளையாட்டு விடுதில போடு, சோறும் படிப்பும் அவங்களே பாத்துப்பாங்கன்றாரு, அதுவும் நல்ல யோசனைதான். அக்கா ஒத்துக்கல. பெல்லிங்ஹாம் அம்மா கதைய நான்தான் அவகிட்ட சொல்லித் தொலைச்சேன். "செலக்ட் ஆனா நான் பெரம்பூர்ல ஒரு ஊடு எடுத்துகினு புள்ள கூட போறேன், நீ உங்கம்மா கைல சாப்டுக்கோ"ன்னு மாமா முகத்துக்கு நேரா சொல்லிட்டாளாம். மாமா எனக்கு போன் போட்டு கேக்குறாரு, ஏம்பா, அந்த வெள்ளக்காரன் அப்பா தனியா இருந்தப்போ யாரு சமைச்சது?