கயாக்கில் லைவ்ஸ்கோப்: ஒரு பாஸ் பருவத்தின் குறிப்புகள்

டெக்சாஸின் டாலஸில் பாஸ் (bass) என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மினுமினுக்கும் ஃபைபர் படகு, பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின், அதை இழுக்க ஒரு பெரிய டிரக். என் பட்ஜெட்டுக்கு அதெல்லாம் கனவு. அதனால் கயாக், அதாவது ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் படகின் பிரிவில் சேர்ந்தேன். போன பருவம் வரை லூரையும் (போலி இரையையும்) கண்ணையும் நம்பியே ஓட்டினேன். இந்தப் பருவத்தில் முன்னோக்கிப் பார்க்கும் லைவ் சோனார் (ஒலியலையால் தண்ணீருக்குள் இருப்பதை அந்தந்த நொடியே திரையில் காட்டும் கருவி) ஒன்றை, ஒருவர் பயன்படுத்திய கார்மின் லைவ்ஸ்கோப்பை, வாங்கி மாட்டினேன். அதன் பிறகு லூர் தேர்ந்தெடுப்பதில் என்ன மாறியது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கயாக் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய படகுப் போட்டிகளில் ஐந்து மீன்களைத் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து மாலையில் மேடையில் எடை போடுவார்கள். மீன் செத்துப்போனால் எடையில் கழிப்பார்கள். 1972இல் பாஸ் போட்டிகளின் முன்னோடி ரே ஸ்காட் 'பிடித்ததைக் கொல்லாதே' என்று கிளப்பிவிட்ட வழக்கம் அது. கயாக்கில் எடையே கிடையாது, நீளம்தான் கணக்கு. மீனை அளவுப் பலகையில் வைத்து, வாய் மூடியபடி முனையில் முட்ட வைத்து, அன்றைய அடையாளக் குறியோடு படம் எடுத்து, அங்கேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கால் அங்குலம் வரை கணக்கு உண்டு. நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத்தொகைதான் மதிப்பெண். ஐந்தும் சேர்ந்து 100 அங்குலம் தொட்டால் அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாகத்தான் இருப்போம்.

இந்த முறையில் லேக் ஃபோர்க் ஏரிக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. டாலஸுக்குக் கிழக்கே உள்ள இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது டெக்சாஸ் அரசின் விதி. போட்டியாளருக்கு வேண்டிய மீன்களோ பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். படம் எடுத்து உடனே விடுகிற எங்களுக்கு அதனால் பிரச்சினை இல்லை. 27,690 ஏக்கர் ஏரி, தண்ணீருக்குள் நின்றபடியே மூழ்கிய காடு. அணை நிறைவதற்கு முன்பே புளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். மாநிலத்தின் சாதனை மீனும் இங்கே கிடைத்ததுதான்: 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு. அதைப் பிடித்தவர் அன்று தேடிப் போனது கிராப்பி என்ற சின்ன மீனை, போட்டதும் உயிர்ச் சிறுமீன். லூர் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்தவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சரி, சோனாருக்கு வருவோம். பழைய வகைச் சோனார் படகுக்கு நேர் கீழே கூம்பாக ஒலியை அனுப்பும். திரையின் வலது ஓரத்தில் இருப்பது மட்டும்தான் இந்த நொடி. இடப்பக்கம் நகர்வதெல்லாம் நாம் கடந்து வந்த வரலாறு. மீன் வில் போலத் தெரிவதும் அதனால்தான். படகு மீனை நெருங்கும்போது தூரம் குறைகிறது, தாண்டியதும் கூடுகிறது, அது வளைவாகப் பதிவாகிறது. 2018இல் வந்த லைவ்ஸ்கோப் இதை மாற்றிவிட்டது. பல சின்ன ஒலி உணரிகளை வரிசையாக வைத்து, கற்றையை மின்னணு முறையிலேயே திருப்பித் திருப்பி அனுப்பி, முன்னால் இருப்பதை நகரும் படமாகவே காட்டுகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் போகிறது. 20 மீட்டர் தள்ளி நிற்கும் மீனைத் தொட்டுத் திரும்ப நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தான் நான் வீசிய லூர் விழுவதும், மீன் திரும்புவதும், பின்தொடர்வதும் நடக்கும்போதே கண்ணில் படுகின்றன.

கயாக்கில் இதை வைத்துக்கொண்டு படும் பாடு தனி. கற்றை பக்கவாட்டில் 20 டிகிரிதான். நாற்பது அடி தள்ளி அதன் அகலம் சுமார் 14 அடி. பெரிய படகில் மின்மோட்டார் ஜி.பி.எஸ். துணையோடு ஒரே இடத்தில் நிற்கும். கயாக் காற்றுக்குத் தலையாட்டும். உணரியைக் கம்பத்தில் மாட்டிக் கையால் திருப்புகிறேன். ஒரு கை கம்பத்தில், ஒரு கை ராடில் (தூண்டில் கோலில்), கால் பெடலில். காற்று மணிக்கு 15 மைலைத் தாண்டினால் திரையை அணைத்துவிட்டுக் கரையோரமாகப் போவது மேல். மின்சாரத்துக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிதான் சரி. ஈய பேட்டரி போட்டால் கயாக் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே வரும்.

ஆரம்ப வாரங்கள் மீனை அடையாளம் காண்பதிலேயே போயின. திரையில் எல்லாம் வெளிச்சப் புள்ளிகள்தான். கார் (gar) என்ற மீனின் நீளமும் அது வாலை வீசி நகர்வதும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. பஃபலோ மீனும் கெண்டையும்தான் ஏமாற்றும்: பெரிய உருண்டை, அடியில் மந்தமாக நகரும், எதைப் போட்டாலும் திரும்பாது. பாஸ் பெரும்பாலும் மரத்தின் பக்கத்திலோ ஷாட் (shad) என்ற சிறு இரைமீன் கூட்டத்துக்குக் கீழேயோ நிற்கும். லூர் பக்கத்தில் வந்தால் கொஞ்சமாவது அசையும். அந்த அசைவுதான் அடையாளம். மரக்கிளையா மீனா என்ற சந்தேகமும் அப்படித்தான் தீர்ந்தது. கெயினை (சோனாரின் உணர்திறனை) குறைத்து, தூரத்தை 70 அடிக்குள் வைத்ததும் திரை தெளிந்தது. அதிக தூரம் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும், அவ்வளவு தூரம் எனக்கு வீசவும் வராது.

பிப்ரவரி, மார்ச்சில்தான் உண்மையான பாடம். தண்ணீர் 50 டிகிரி பாரன்ஹீட், அதாவது 10 செல்சியஸ் பக்கம். பாஸ்கள் ஆழத்தில் மரங்களுக்கு நடுவே மிதந்தபடி நிற்கின்றன. எல்லோரும் வீசுவது ஜிக்ஹெட் மின்னோ: ஈயத் தலையோடு கூடிய ஒற்றை முள்ளில் கோத்த நாலு, ஐந்து அங்குல மென்பிளாஸ்டிக் சிறுமீன். பார்க்க ஒன்றுமே இல்லாத லூர். தகடு சுழலாது, சத்தம் போடாது. ராடின் நுனியை விடாமல் சின்னதாக ஆட்டிக்கொண்டே சுற்றினால் அது இடவலமாக உருளும். ஜப்பானில் வளர்ந்த உத்தி இது.

திரை இல்லாத காலத்தில் மீன் கடிக்கவில்லை என்றால் 'இங்கே மீன் இல்லை' என்று நகர்ந்துவிடுவேன். இப்போது பார்த்தால், மீன் இருக்கிறது, லூரைப் பார்க்கிறது, ஏழெட்டு அடி பின்னாலேயே வருகிறது, அப்புறம் திரும்பிப் போய்விடுகிறது. ஒன்றிரண்டு இல்லை, பெரும்பாலான மீன்கள் அப்படித்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்த மறுப்புகளைப் பார்ப்பதற்காகவே ஏரிக்குப் போகத் தொடங்கினேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவானது. நிறம் நான் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை. லூர் மீனுக்கு மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்பதுதான் முதல் கேள்வி. பாஸ் தலைக்கு மேல் போவதை நோக்கி எழும். கீழே இறங்கிவிட்டதைக் குனிந்து பிடிப்பது அரிது. 12 அடி ஆழத்தில் மீன் நின்றால் லூர் 9, 10 அடியில் அதைக் கடக்க வேண்டும். கால் அவுன்ஸ் தலை போட்டால் மீன் இருக்கும் ஆழத்தைத் தாண்டிச் சரசரவென்று இறங்கிவிடுகிறது. அரைக்கால் அவுன்ஸ் தலை அழகாக மிதந்து வருகிறது, ஆனால் 20 அடிக்குக் கீழே நிற்கும் மீனிடம் போய்ச் சேருவதற்குள் மீன் நகர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே 3/16 அவுன்ஸ். கடைசியில் மூன்று ராடில் மூன்று எடையைக் கட்டி வைத்துக்கொண்டு, மீன் நிற்கும் ஆழத்தைப் பார்த்த பிறகே ராடை எடுக்க ஆரம்பித்தேன். லூர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

தூண்டில் நரம்பும் இதே கணக்கில் வருகிறது. தடித்த நரம்பு லூரைத் தாங்கிப் பிடிக்கும், மெல்லியது சீக்கிரம் இறங்க விடும். பின்னல் நரம்பின் முனையில் 10 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பைத் தலைப்பாகக் கட்டினால் எனக்குச் சரியாக வந்தது. 8 பவுண்டுக்கு மாறியதுமே அதே எடை வேறு லூர் மாதிரி விழுந்தது.

இன்னொன்று: மீனின் தலையில் போடக் கூடாது. பதினைந்து அடி தாண்டிப் போட்டு, அதன் வழியில் கொண்டுவர வேண்டும். மீன் பின்தொடர ஆரம்பித்ததும் பதற்றத்தில் கை நின்றுவிடும், அதுதான் ஆபத்து. நின்ற லூரைப் பார்த்ததும் மீனும் நின்றுவிடுகிறது. ஆட்டத்தை விடாமல் கொஞ்சம் வேகம் கூட்டினால், விட்டுவிடக் கூடாதே என்று அது கடிப்பதைப் பலமுறை பார்த்தேன். ஜெர்க்பெய்ட் என்ற சிறுமீன் வடிவ லூரில் இது தலைகீழ். குளிர்ந்த நீரில் அதற்கு உயிரே நிறுத்தத்தில்தான், சுண்டி இழுத்து அப்படியே மிதக்க விட வேண்டும். ஆனால் அது ஏழெட்டு அடிக்குக் கீழே பெரும்பாலும் போகாது. மீன் மேலே ஏறி நின்ற நாட்களில் மட்டும் எடுத்தேன்.

ஏப்ரலில் தண்ணீர் 65 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியதும் பாஸ்கள் முட்டையிடக் கரைக்கு வந்துவிட்டன. இரண்டடித் தண்ணீர், பாசி, நாணல். லைவ் சோனாருக்கு அங்கே வேலை இல்லை. முன்னோக்கிய கற்றை பாசியில் மோதி வெள்ளையாகத் திரும்புகிறது. பழைய டெக்சாஸ் ரிக்குக்குத் திரும்பினேன்: தோட்டா வடிவ எடை, வளைந்த முள், முள் நுனி பிளாஸ்டிக் புழுவுக்குள் மறைந்திருக்கும், அதனால் புல்லில் சிக்காது. பிளாஸ்டிக் புழுவை 1949இல் ஒஹாயோவில் உருவாக்கிய நிக் கிரீம் பின்னால் வந்து தொழிற்சாலை போட்டது டெக்சாஸின் டைலரில், லேக் ஃபோர்க்குக்குப் பக்கத்து ஊர். பாசிமேட்டில் உள்ளீடற்ற தவளை லூர். ஊரில் விரால் பிடிப்பவர்கள் வீசும் அதே வகைதான். விரால் அடிக்கிற அடியைப் பார்த்தவர்களுக்குப் பாஸ் அடிப்பதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. இந்தப் பருவத்தில் என் நீளமான மீன் திரை அணைந்திருந்த இந்த வாரங்களில்தான் வந்தது.

கோடையில் திரை மறுபடி கைகொடுத்தது, வேறு விதமாக. வெயில் ஏற ஏற மேல் நீர் சூடாகிக் கீழ் நீரோடு கலக்காமல் பிரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே ஆக்சிஜன் குறைவு. உணர்திறனைக் கூட்டினால் சாதாரணச் சோனாரிலேயே அது மங்கலான பட்டையாகத் தெரியும். ஆகஸ்டில் 20 அடியை ஒட்டி அந்தப் பட்டை. அதற்குக் கீழே என்ன அழகான மேடு, மரம் இருந்தாலும் தேடிப் பயனில்லை. ஏரியின் பாதி ஆழத்தை இப்படி ஒரேயடியாகக் கழித்துவிடலாம். மீதி இடத்தில் டிராப்ஷாட், கரோலினா ரிக் என்ற, எடையையும் முள்ளையும் தள்ளித் தள்ளிக் கட்டும் இரண்டு முறைகள். அந்த மாதங்களின் போட்டிகளில் பட்டியலின் நடுவில் வந்தேன். போன வருடம் கீழ்ப்பாதி.

இந்தக் கருவி நியாயமா என்ற சண்டை இங்கே ஓயவே இல்லை. 2024 பிப்ரவரியில் இதே லேக் ஃபோர்க்கில் பாஸ்மாஸ்டர் எலைட் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டியை வென்ற டிரே மெக்கின்னிக்கு 19 வயது. நான்கு நாளில் 20 மீன், 130 பவுண்டு 15 அவுன்ஸ். மீனுக்குச் சராசரி ஆறரைப் பவுண்டு! திரையோடு வளர்ந்த தலைமுறை. 2025இல் எலைட் போட்டிகளில் ஒரு படகுக்கு ஒரு லைவ் உணரி, எல்லாத் திரைகளும் சேர்ந்து 55 அங்குலம் என்று வரம்பு வந்தது. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற இன்னொரு அமைப்பு நடத்தும் பாஸ் புரோ டூரில் அந்த ஆண்டு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதி இருந்தது, எந்தப் பகுதி என்பது போட்டியாளர் விருப்பம். எனக்கு இரண்டாவதுதான் நல்ல விதியாகப் படுகிறது. திரை அளவைக் குறைத்தால் பணச்செலவு குறையும், அவ்வளவுதான். நேரத்தைக் குறைத்தால் எப்போது பார்ப்பது, எப்போது பார்க்காமல் வீசுவது என்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. மீன் பிடிப்பதற்கு இது குறுக்குவழி என்று சொல்பவர்களை மட்டும் ஒரு நாள் என் கயாக்கில் உட்கார வைத்து, முப்பது மீன் வரிசையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைக் காட்ட ஆசை.

எங்கள் கிளப்பிலும் இதே பேச்சு. வரும் பருவத்தில் பாதிப் போட்டிகள் லைவ் சோனார் இல்லாமல் நடத்தலாமா என்று ஓட்டெடுத்தார்கள். கருவி வைத்திருக்கும் நானும் ஆமாம் என்றே போட்டேன்.

அடுத்து முயல இருப்பது பெர்ஸ்பெக்டிவ் முறை. உணரியைப் படுக்க வைத்தால் கற்றை கிடைமட்டமாக விரிந்து, ஆழமற்ற நீரை மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும். கம்பத்தில் அதற்கான மவுன்ட் மாட்ட வேண்டும், அது இன்னும் கைக்கு வரவில்லை. வந்ததும் மார்ச் கடைசியில், மீன்கள் கரைக்கு நகரத் தொடங்கும்போது நாலடி, ஐந்தடித் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை ஜிக்ஹெட்டில் 3/16 அவுன்ஸ்தான் அதிகம் வாங்கி வைத்திருக்கிறேன். நிறம் வெள்ளை ஒன்றே போதும்.