பாட்டியின் ஜாடி: லான்ஜோ, ஜூலை

ஜூலை 11
பாட்டியை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய ஜியாங்ஷுய் ஜாடி, அதாவது கீரை, காய் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீர் உள்ள ஜாடி, என் சமையலறையில்.

ஜூலை 12
மஞ்சள் நதிக்கரையில்கூடக் காற்று இல்லை. காலையில் மாட்டுக்கறி நூடுல்ஸ் கடையில் நின்ற அதே ஆட்கள் மத்தியானம் ஜியாங்ஷுய் நூடுல்ஸுக்கு வந்துவிடுகிறார்கள். கோடை வந்தால் இந்தக் கான்சு மாகாணம் முழுக்க இப்படித்தான்.

ஜூலை 14
மேலே வெள்ளைப் படலம். மனசே சரியில்லை. மோந்து பார்த்தேன், சுத்தமான புளிப்பு, அழுகல் வாடை இல்லை. அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறது. படலத்தை வழித்தெடுத்துவிட்டு, உப்புப் போடாமல் நூடுல்ஸ் வெந்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றினேன். வெந்நீரில் முக்கியெடுத்த செலரியும் கொஞ்சம் போட்டேன். பழைய தண்ணீர்தான் உறை. இந்த வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். எண்ணெய் மட்டும் படவே கூடாது. பாட்டி வண்டியில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னார். கரண்டியைத் தனியாகக் கழுவி, தனியாக மாட்டியிருக்கிறேன். இரவில் எழுந்து மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 15
போன் வரவில்லை.

ஜூலை 16
பாட்டியின் மகன் பேசினார். யூரிக் அமிலமும் ஏறியிருக்கிறதாம். ஜியாங்ஷுய் கொடுத்தால் இறங்குமா என்று கேட்டார். இங்குள்ள லான்ஜோ பல்கலைக்கழகத்தார் இதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா யூரிக் அமிலத்தைச் சிதைக்கிறது என்று 2021இல் வெளியிட்டது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்துப் பார்த்தது எலிகளுக்கு. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றேன், இரண்டு தடவை. ஜியாங்ஷுய் நூடுல்ஸோடு பன்றிக்கால் இல்லாமல் பாட்டி ஒரு கோடையும் சாப்பிட்டதில்லை, பன்றிக்காலோ யூரிக் அமிலத்தை ஏற்றும். அதை யார் போய் அவரிடம் நிறுத்தச் சொல்வது?

ஜூலை 18
நன்றாகப் புளித்துவிட்டது! ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, சிச்சுவான் மிளகு தாளித்துக் கொட்டி, ஆறவிட்டு நூடுல்ஸ் மேல் ஊற்றினேன். பக்கத்தில் தோல் கருக வதக்கிய பச்சைமிளகாய். முதல் வாயிலேயே பசி வந்தது. இந்த வாரம் முழுக்க இல்லாத பசி. பாட்டி கைப்புளிப்பு இதைவிட ஒரு படி கூர்மை.

ஜூலை 19
ஜாடி நலம்.

ஜூலை 20
நாளை சொல்கிறேன் என்றாராம் டாக்டர். செலரி தீர்ந்துவிட்டது. சந்தையில் முட்டைக்கோஸ்தான் இருந்தது. அதிலும் போடுகிறவர்கள் உண்டு, பாட்டி போடமாட்டார். காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கச் சந்தையில் பார்க்கவேண்டும், மகன் போன் செய்வதற்கு முன்னால்.