முதலில் சுமை, அப்புறம்தான் துப்பாக்கி

47 வயதில் எல்க் வேட்டை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது வீட்டில் சிரித்தார்கள். எல்க் நம்மூர் மிளா மானுக்கு அண்ணன் முறை. வளர்ந்த ஆண் 300 கிலோ வரும். நாங்கள் இருக்கும் கொலராடோவில்தான் அமெரிக்காவிலேயே அதிக எல்க் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கறியில் ஒருமுறை சுக்கா செய்தோம். ஆசை அங்கே பிடித்தது.

காகித வேலை சுலபம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த அட்டை இல்லாமல் உரிமம் கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு பையன் என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கினான். சரி, அட்டை கிடைத்தது. காட்டுக்குள் போய் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

கூட்டிப்போக ஆள் தேடினேன். ஆபீசிலும் சுடுதளத்திலும் பார்த்தவர்களிடமெல்லாம் "எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று கேட்டேன். நம்மூரில் முன்பின் தெரியாதவரிடம்கூடச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். இங்கே எல்க் இருக்கும் இடத்தைக் கேட்கக்கூடாது. சிரித்தபடியே பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு வருடம் இப்படியே போனது.

சுடுதளத்தில் ஒரு பெரியவர் வருவார். 71 வயது, இரண்டு முழங்காலும் மோசம். குறி மட்டும் தப்பாது. ஒருநாள் அவரிடம், "நான் சுட வரவில்லை. நீங்கள் அடித்தால் கறியைச் சுமக்க வருகிறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார். "நல்ல பூட்ஸ் வாங்கு. சனிக்கிழமை 40 பவுண்டு பாரத்தோடு மலை ஏறிக் காட்டு."

இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் வாந்தி எடுத்தேன். ஆனாலும் இறங்கவில்லை. அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர், ஒயிட் ரிவர் தேசியக் காடு. (எந்த ஓடை என்று கேட்காதீர்கள்.) காற்றைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். வெயில் ஏறினால் சரிவில் காற்று மேலே போகும், சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். நம் வாசனை மானுக்கு எட்டக்கூடாது, அதனால் காலையில் மானுக்கு மேலே நாம், மாலையில் கீழே. காற்றின் போக்கைப் பார்க்க நான் கொண்டுபோன டால்கம் பவுடரை முகர்ந்துவிட்டு, "ஒரு மைல் தூரத்துக்கு மணக்கும்" என்று தூக்கி ஓரமாக வைத்தார். அடுத்த நாள் பர்ஸில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசனை இல்லை, நன்றாகப் பறந்தது. இப்போது பூஜை அலமாரியில் ஒரு டப்பா குறைகிறது.

மூன்றாம் நாள் ஒரு பெட்டையை அடித்தார். வயிற்றைக் கிழிக்கவே இல்லை. முதுகெலும்பு ஓரமாகத் தோலைக் கீறி ஒரு பக்கம் உரித்ததும் குளிரில் ஆவி பறந்தது. முன்னங்காலுக்கு உடம்போடு எலும்புப் பிணைப்பே கிடையாது, வெறும் தசைதான். காலைத் தூக்கிப் பிடித்தால் கத்தி தானாக வழி கண்டுபிடிக்கிறது. பின்தொடையில் இடுப்பு மூட்டின் உருண்டையைத் தேடிக் கத்தி முனையால் நெம்பினார், 'பொளக்' என்று கழன்றது. ஆணா பெட்டையா என்று காட்டும் உறுப்பை ஒரு தொடையோடு ஒட்டியபடியே விட்டார். அது சட்டம். கறியைக் காட்டில் வீணாக விடுவதும் குற்றம். எலும்போடு ஒரு பின்தொடையே கிட்டத்தட்ட 25 கிலோ. வண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது. நான்கு நடை.

அடுத்த வருடம் ஏப்ரலில் விண்ணப்பித்து, குலுக்கலில் எனக்கே ஒரு பெட்டைக்கான உரிமம் விழுந்தது. இரண்டாம் நாள் 140 கஜத்தில் ஒன்று பக்கவாட்டில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. தோட்டா துளைத்துக்கொண்டு போனால் இரண்டும் விழும். காத்திருந்தேன், இரண்டும் போய்விட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் மாலை கிடைத்தது. அவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினார். முடிக்க எனக்கு மூன்று மணி நேரம், அவருக்கு ஒன்றே போதும். கிளம்பும்போது என் தோளிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். கறி முழுக்க என் முதுகில்தான், அதே நான்கு நடை.