ஊஞ்சலைச் சுற்றியது யார்?

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். வகுப்பில் நாற்காலியில் தங்கமாட்டான், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுவான், தலையும் சுற்றாது. என் கணக்கு அப்போது எளிது: உடம்பு சுழற்சியைக் கேட்கிறது, வேண்டிய மட்டும் கொடுத்துவிட்டால் அடங்கிவிடும். பலகை ஊஞ்சலில் உட்காரவைத்துப் பதினைந்து நிமிடம் சுற்றிவிட்டேன். கெக்கலித்துச் சிரித்தான். எனக்கு ஒரே பெருமை.

அன்றிரவு இரண்டு முறை வாந்தி, விடியும்வரை தூக்கமில்லை என்று மறுநாள் அவன் அம்மா வந்து சொன்னார். கோபப்படவும் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

என் சீனியரும் திட்டவில்லை. "நீ ஊஞ்சலைச் சுத்துனே, சரி. அந்த நேரத்துல அவன் என்ன பண்ணான்?" என்று கேட்டார்.

"உக்காந்திருந்தான் மேடம்."

"அப்போ தெரபி உனக்குத்தான் நடந்திருக்கு."

அதன்பிறகுதான் பாடப்புத்தகத்தை ஒழுங்காகத் திறந்தேன். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பும்போது உள்ளிருக்கும் திரவம் பின்தங்கி, உணர்மயிர்களை வளைக்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும், செய்தி ஓய்ந்துவிடும். நிறுத்தும்போது திரவம் மட்டும் தொடர்ந்து ஓடுவதால் விழிகள் பக்கவாட்டில் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அளக்க, இருபது விநாடியில் பத்துச் சுற்று சுற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றை 1975இல் வெளியிட்டவர் ஜீன் ஏயர்ஸ். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவதைப் பற்றிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கியவரும் அவர்தான். (வெளிச்சத்தில் செய்யும் சோதனை அது. பார்வையே துடிப்பை அடக்கிவிடும் என்று பின்னால் விமர்சனம் எழுந்தது, நியாயமான விமர்சனம்.)

இந்தச் செய்தி காதோடு நிற்பதில்லை. மூளைத்தண்டில் இந்தச் சமநிலைச் செய்தியை வாங்கும் நரம்புத் தொகுதிகளான வெஸ்டிபுலர் உட்கருக்களிலிருந்து கண் தசைகளுக்கும், சிறுமூளைக்கும், தண்டுவடத்துக்கும் கிளைகள் போகின்றன. வாந்தியைத் தூண்டும் பகுதிகளோடும், விழிப்பையும் தூக்கத்தையும் ஆளும் வலைப்பின்னலோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. தலை சுற்றவில்லை என்று அவன் முகம் சொன்னதை நம்பி, உள்ளே நடந்ததை நான் மறந்துவிட்டேன்.

ஆனால் சீனியர் கேட்டது அளவைப் பற்றி அல்ல. அதற்கு விடை எனக்கு வேறோர் இடத்தில் கிடைத்தது. 1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் இருவரும் பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு சுழல் கருவியில் கட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து கருவியைச் சுற்றும். மற்றது தொட்டிலில் உட்கார்ந்தபடி கூடவே சுற்றும். இரண்டும் பார்த்த காட்சி ஏறக்குறைய ஒன்றே. மற்ற நேரமெல்லாம் இருட்டு. பிறகு மேசை விளிம்புக்கு அருகே மெல்ல இறக்கியபோது, நடந்த குட்டி கால்களை நீட்டியது. சுமக்கப்பட்ட குட்டி நீட்டவில்லை. கண்ணுக்கு வந்த செய்தி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும், தன் அசைவோடு அதைக் கோத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒன்றுக்குத்தான் இருந்தது. தசைக்கு ஆணை அனுப்பும் மூளை, அதன் விளைவாக என்ன உணர்வு வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணித்து வைக்கிறது. வந்ததையும் கணித்ததையும் ஒப்பிட்டுத்தான் அது கற்கிறது. நான் சுற்றிவிட்ட ஊஞ்சலில் பையன் கணிக்க என்ன இருந்தது? ஏயர்ஸ் 1972இல் எழுதிய புத்தகத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: சூழலுக்கு ஏற்ற எதிர்வினை. நான் அந்தப் பக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன்.

அதே ஊஞ்சலில் அவனைக் குப்புறப் படுக்கவைத்தேன். சுவரில் ஒரு கயிறு. தானே இழுத்துத் தானே வரவேண்டும். வந்து, வாளியில் பீன் பையை (தானியம் அடைத்த சின்னத் துணிப்பை) போடவேண்டும். கயிறு இழுக்கையில் தோளிலும் முழங்கையிலும் தசைக்குள் இருக்கும் உணரிகளான தசைக்கதிர்கள் நீட்சியைச் சொல்லும், கழுத்து நிமிரும், கண் வாளியைப் பிடிக்கும். முதல் வாரம் ஒரு பைகூட வாளியில் விழவில்லை. கோபத்தில் வாளியையே தூக்கி எறிந்தான்.

எல்லாவற்றையும் ஏயர்ஸின் கோட்பாடு தீர்த்துவைக்கும் என்று நான் இன்று சொல்வதில்லை. புலன் செய்திகளைக் கையாள்வதில் வரும் சிக்கலை, புலன் செயலாக்கக் கோளாறு என்று தனி நோயாக எழுத வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் அறிவுறுத்தியது. மறு வருடமே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5, ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் புலன் உணர்வு வேறுபாடுகளைச் சேர்த்தது. பெற்றோரிடம் இரண்டையும் சொல்லிவிடுவேன். பிள்ளையை அமைதிப்படுத்த எடை வைத்த ஜாக்கெட் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், பணத்தைச் சேமியுங்கள் என்பேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள், ஊஞ்சல் வேகம் பிடித்தபோது பையன் காலைத் தரையில் ஊன்றித் தானே நிறுத்தினான். "போதும்" என்றான். நாற்காலிப் பிரச்சினை மட்டும் அப்படியேதான் இருந்தது. நின்றபடி எழுத அவன் வகுப்பாசிரியர் உயரமான மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.