ஃப்ரீசர்ல வெச்சிருங்க என்றார்கள், அதோடு போச்சு

வளர்த்த பாம்பு திடீரென்று செத்துக் கிடந்தால் கை தானாகப் போனுக்குத்தான் போகும். மறுமுனையில் பேசுகிற கால்நடை மருத்துவர் பெரும்பாலும் நாய், பூனைகளையே பார்த்துப் பழகியவராக இருப்பார். "நாளைக்குக் கொண்டு வாங்க, அதுவரைக்கும் ஃப்ரீசர்ல வெச்சிருங்க" என்பார். எங்களுக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. மறுநாள் கட்டையாக விறைத்திருந்த எங்கள் பால் பைத்தானை (ball python, ஒருவகை மலைப்பாம்பு) பார்த்ததுமே பிரேதப் பரிசோதனை ஆய்வகத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் வந்த ரிப்போர்ட்டில் சாரம் ஒரே வரி: திசுக்கள் சிதைந்துள்ளன, காரணம் சொல்ல இயலாது. கட்டணத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

உறையும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் ஐஸ் படிகமாகிச் சவ்வைக் கிழித்துவிடுகிறது. அதன்பின் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்வது பெரும்பாடு. பாம்பு சாவில் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் மட்டும் பிடிபடும் காரணங்கள் ஏராளம் என்பதால் இது சின்ன இழப்பு இல்லை. உடல் போக வேண்டிய இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, 4 டிகிரி செல்சியஸ். அதுவும் சீக்கிரம். ஹீட் மேட்டின் (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) மேலேயே செத்துக் கிடக்கும் பாம்பு சில மணி நேரத்தில் குடலில் தொடங்கி அழுகிவிடும். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ந்தால் நல்லது. 48 தாண்டினால் நம்பிக்கை குறையும். நாலைந்து நாளைக்கு வழியே இல்லை என்றால் மட்டும் ஃப்ரீசர். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கும் நச்சுச் சோதனைக்கும் அப்போதும் உதவும்.

அதற்கு முன்னால், செத்துவிட்டதா என்பது நிச்சயமாக வேண்டும். மின்சாரம் போய்த் தொட்டி குளிர்ந்திருந்தால் பாம்பு அசையாமல் கிடக்கலாம். 28 டிகிரி அறையில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஹாக்நோஸ் வகைப் பாம்பு வளர்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாயைப் பிளந்து மல்லாந்து நடிப்பது அதன் பிறவிக்குணம். பாம்பைப் புரட்டி, தலையிலிருந்து உடல் நீளத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட அடிவயிற்றுச் செதில்களை நல்ல வெளிச்சத்தில் கவனித்தால், உயிரிருக்கும் பாம்பில் இதயத்துடிப்பு லேசாகத் தெரியும். சந்தேகம் என்றால் மருத்துவர் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்துப் பார்ப்பார். டாப்ளரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: ஊர்வனவற்றின் இதயம் மூளை செத்த பிறகும் சிறிது நேரம் துடிக்கும், தலை கடிக்கக்கூடச் செய்யும். கண் குழிவிழுந்து, வயிறு பச்சை பாய்ந்து, வாடை வந்துவிட்டால் சூடேற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

உடல் ஃப்ரிட்ஜுக்குப் போனதும் தொட்டியைக் கழுவத் தோன்றும். தொடாதீர்கள். பாதி விடை அங்கேதான் இருக்கிறது. முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனை இருந்த இடத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்த டேப் ஈரத்தில் பிரிந்து முனை ஹீட் மேட்டை விட்டு நகர்ந்திருந்தால், அது அளப்பது பக்கத்துக் குளிர்ந்த காற்றை. "இன்னும் சூடாகவில்லை" என்று தெர்மோஸ்டாட் ஹீட் மேட்டுக்கு மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். திரையில் 31 என்று காட்டும், அடியில் 45 இருக்கும். தரையின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து, முனை கிடக்கும் நிலையையும் படமெடுத்துக்கொண்டு பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பாம்பின் அடிவயிற்றில் சிவந்த, நிறம் மாறிய செதில்கள் உண்டா என்றும் பாருங்கள்.

எடை, நீளம், கடைசியாகத் தின்றது எப்போது, கக்கியதா, கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது, உண்ணிக்கு அடித்த மருந்து, அறையில் பெயின்ட் அல்லது கொசு ஸ்ப்ரே, சமீபத்தில் வந்த புதுப் பாம்பு, அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண்: எல்லாம் ஒரே தாளில். எடை எழுதவில்லை என்பதற்காக எங்கள் படிவத்தைத் திருப்பித் தள்ளினார் கவுண்டரில் இருந்தவர். தராசு அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது!

படிவத்தில் "பிரேதப் பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் அறுத்துப் பார்த்து, "கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை" என்று முடித்துவிடும் அபாயம் உண்டு. ஹிஸ்டோபெதாலஜி, அதாவது திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை, வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். போவா என்றால் ஐ.பி.டி. (Inclusion Body Disease) என்ற கொடிய தொற்றுநோயைத் தரும் ரெப்டரீனாவைரஸ், பைத்தான் என்றால் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ், இரண்டுக்கும் பி.சி.ஆர். உண்டு. பணம் இப்போது இல்லையென்றால் திசுவைக் கொஞ்சம் உறைய வைத்து எடுத்துவைக்கச் சொல்லலாம்.

பார்சலில் அனுப்புவதானால் இரண்டு ஜிப் பை, மேலே செய்தித்தாள் சுற்று, அதற்கு வெளியே ஐஸ் பேக், எல்லாம் தெர்மோகோல் பெட்டிக்குள். ஐஸ் நேராக உடலில் பட்டால் அந்த இடமும் உறையும். வெள்ளிக்கிழமை அனுப்பவே அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் அழுகும். குட்டிப் பாம்பை ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் ரசாயனம்) போட்டு அனுப்பலாம் என்பார்கள். வயிற்றை நீளவாக்கில் திறக்காமல் போட்டால் தோலைத் தாண்டி மருந்து உள்ளே இறங்காது. திசுவைப் போலப் பத்து மடங்கு 10% ஃபார்மலின் வேண்டும், ஆவியும் ஆபத்து. மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை எல்லாமே தொற்று உள்ளவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தூக்கும் கொக்கி, தண்ணீர்க் கிண்ணம் தனித்தனி. செத்ததோடு ஒரே அலமாரியில் இருந்தவற்றுக்குக் கடைசியில் கை வையுங்கள். தொட்டியை முதலில் சோப்புப் போட்டு அழுக்கில்லாமல் தேய்த்து, பிறகு ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி என்று ரிப்போர்ட் வந்தால் ப்ளீச் போதாது, அந்தத் தொட்டியைத் தூக்கிப்போடுவதே மலிவு. மரக்கட்டை, கார்க் பட்டை எதுவானாலும் குப்பைக்கு. அடுத்த பாம்பை வாங்கி அந்தத் தொட்டியை நிரப்பத் துடிக்காதீர்கள். வாங்கினாலும் 90 நாள் தனியறை, போவா என்றால் இன்னும் கூடுதல்.

"பாம்புதானே" என்று நாலு பேர் சொல்வார்கள், பதில் சொல்லிக்கொண்டிருக்க அவசியமில்லை. "நேற்றுக்கூட எலி தின்றதே" என்று உங்களையே குடைந்துகொள்வதும் வேண்டாம். நோயை வெளியே காட்டாமல் மறைப்பது பாம்பின் இயல்பு.

உடலை அனுப்பும் முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். அறுத்த உடல் திரும்பக் கிடைக்குமா, அல்லது நேராக எரியூட்டிக்குப் போகுமா? குழந்தைகள் புதைக்க ஆசைப்பட்டால் இது முக்கியம். புதைப்பதானால் மூன்றடி ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். பதிவு செய்த பாம்பு என்றால் இறப்புச் சான்றில் சிப் எண்ணை எழுதித் தருவார்களா என்பது இரண்டாவது. எரித்த பிறகு அந்த எண்ணைச் சரிபார்க்க வழியில்லை.